கார்காலத்தில் ஒரு தீவு நடை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுதற்குப் புலவர் பெருமக்கள் வந்திருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எங்களுக்கு அத்தகுதி இல்லை. ஆயினும், சென்ற ஆடி மாதத்தில் நாங்கள் ஐவர் முதுகில் பை சுமந்து, கொட்டும் மழையில் வைப்பின் தீவை இரண்டு நாள் நடந்து கடந்த செய்தியைச் சொல்ல வேண்டுமென்று செயலாளர் அவர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். அக்கட்டளைக்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்து இளைஞர்களை ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அத்தீவுக்கு நடத்தி அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் தீர்மானம் செயற்குழுவின் முன் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. "வெயிற்காலத்தில் போனால் ஆகாதா? மழையிலா பிள்ளைகளை அனுப்புவது? அதுவும் தண்ணீர் சூழ்ந்த தீவுக்கா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. பெற்ற வயிறு கேட்கும் கேள்வி. இதற்கு விடை சொல்லவே இங்கு நிற்கிறோம்.

முதுகில் பை சுமந்து ஊர் சுற்றும் வெளிநாட்டு இளைஞர்களைக் கோட்டைக் கொச்சித் தெருக்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். கார்த்திகை முதல் மாசி வரையில் அவர்கள் கூட்டம் மிகுதி. இடவப்பாதி மழை தொடங்கியதும் அக்கூட்டம் குறைந்துவிடும். நடைப்பயணம் நமக்கும் புதிதன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும், இருமுடி சுமந்து சபரிமலை ஏறுபவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கட்டுச்சோற்று மூட்டையோடு ஊர் ஊராக நடந்தவர்கள் நம் பாட்டனார்கள். ஆயினும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நாம், இந்த ஊரை நடந்து பார்த்தோமா? குடியிருப்பு, நிலையம், சந்தை, கோயில், சித்திரை வைகாசி விடுமுறையில் சொந்த ஊர் என்ற அளவில் நம் வாழ்வு ஓடுகிறது. முப்பதாண்டுக் காலம் இங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற நம்மவர் ஒருவரிடம், பிரிவுபசார நாளில் வைப்பின் தீவைப் பற்றிக் கேட்டோம். படகுத்துறையிலிருந்து பார்த்திருப்பதாகச் சொன்னார். கண்ணுக்கு எதிரே கிடந்த நிலத்தில் முப்பதாண்டாகக் கால் வைக்காமலே ஊர் திரும்பினார். நம் பிள்ளைகளும் அவ்வாறே திரும்ப வேண்டுமா?

இனி, அத்தீவு எது என்பதைச் சிறிது கூறுவோம். இடப்பள்ளியில் வாழும் நமக்கு அது அயலிடம் அன்று. இங்கிருந்து பிரிந்து காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் வல்லார்பாடம் செல்லும் இருப்புப்பாதை, 2011இல் சரக்குப் பெட்டகங்களுக்கென்று திறக்கப்பட்டது. வல்லார்பாடத்துக்கு அடுத்து மேற்கே கிடப்பதே வைப்பின். கோசிறிப் பாலங்கள் 2004இல் திறக்கப்படும் வரையில் அத்தீவார் கொச்சி நகருக்குப் படகில்தான் வந்தார்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மழையிலும் காற்றிலும் படகே கதியாக இருந்தது.

தெற்கு வடக்காக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமும், பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டர் அளவே அகலமும் உடைய மண்திட்டு அது. மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. பழைய துறைமுகமாகிய முசிறி மண்ணால் தூர்ந்தது. கொச்சி அழிமுகம் விரிந்தது. ஆறு கொண்டுவந்து வைத்த மண் தீவாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். 'வைப்பு' என்னும் சொல்லே அதற்குச் சான்றாக நிற்கிறது. அந்நிகழ்ச்சியை நினைவில் கொண்டு 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கும் வழங்கியது. முசிறியோ சேரர் துறைமுகம். யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அப்பாட்டில் வரும் பேரியாறே பிற்காலத்தில் இத்தீவை ஈன்றது. ஆகவே அன்பர்களே, வைப்பின் என்பது மழை பெற்ற பிள்ளை. அதனை வெயிலில் மட்டும் பார்ப்பவர் அதன் தாயைப் பார்த்தவர் ஆகார்.

நாங்கள் ஐவரில் நால்வர் இரயில்வே ஊழியர். ஐந்தாமவன் நண்பர் ஒருவரின் மகன், கல்லூரியில் முதலாண்டு படிப்பவன். காலனிக் கடைத் தராசில் பைகளை நிறுத்தோம். ஆளுக்கு ஆறு கிலோவுக்கு மேல் போகவில்லை. மாற்றுடை இரண்டு, ஒரு போர்வை, அவல், வெல்லம், காய்ச்சிய நீர், மருந்துப் பொட்டலம், கைவிளக்கு ஆகியவற்றைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் கட்டி வைத்தோம். இரவில் உடுத்தும் உலர்ந்த உடையை எந்த நிலையிலும் பகலில் எடுப்பதில்லை என்பது உறுதி. மழையில் நடப்பவனுக்கு அந்த ஓர் உலர்ந்த வேட்டியே பெருஞ்செல்வம்.

உயர்நீதிமன்றப் படகுத்துறையில் நீர்மெட்ரோப் படகு ஏறி, வைப்பின் துறையில் இறங்கியபோது காலை ஏழு மணி. 2023இல் தொடங்கிய படகு அது, வசதியானது. இறங்கிய கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. புதுவைப்பில் கலங்கரை விளக்கத்தின் உச்சி மங்கலாகத் தெரிந்தது. கரையோரத்தில் கண்டல் மரங்கள் வேர்களை ஊன்றி நின்றன. மலையாளத்தில் இன்றும் அதனைக் 'கண்டல்' என்றே சொல்கிறார்கள். நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் நம் புலவர்கள் வழங்கிய சொல் அது. நம் வீடுகளில் மறந்த சொல்லை அவர்கள் சேற்றிலே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இளங்குன்னப்புழையில் சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. ஆடியில் முருகனைக் கண்டது எங்களுக்கு ஆறுதல். அதனைக் கடந்தால் ஞாறக்கல். அங்கே தேநீர்க் கடைக்காரர், "கேறி நில்லுங்கள் அண்ணா, மழை நனையாதே" என்று அழைத்துக் கட்டன் சாயா தந்தார். கடலைப் பற்றி அவர் சொன்ன செய்தியை உங்களுக்கும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சில ஆண்டுகளில் இக்கடற்கரைகளை ஒட்டி நுண்ணிய சேறு நீரில் கலந்து திரண்டு நிற்கும். அச்சேறு அலையின் வலிமையை விழுங்கிவிடும். வெளியே கடல் மலைபோல் எழுந்தாலும் அவ்விடம் குளம்போல் அமைதியாக இருக்கும். மீனும் அங்கே வந்து குவியும். இதனைச் 'சாகரை' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மழைக்கால அலைக்கு அஞ்சிய கப்பல்கள் ஞாறக்கல் சேற்றுக் கரைக்கு வந்து நங்கூரமிட்டன. பேரலைக்குக் கல் அணை போட்டுத் தடுக்க முயலும் மனிதனுக்கு, வெறும் சேறு அதனைத் தணித்துக் காட்டுகிறது.

நாயரம்பலம் தாண்டிக் கிழக்கே திரும்பினால் பொக்காளி வயல்கள் விரிகின்றன. இந்நடையில் எங்கள் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. உவர்நிலத்தில் நெல் விளையுமா? இங்கே விளைகிறது. கோடையில் வயல் முழுதும் உப்புநீர். சித்திரை முடிவில் நீரை வடித்து, மண்ணை அரை மீட்டர் உயரக் கும்பங்களாகக் கூட்டி வைக்கிறார்கள். ஆனி மழை அக்கும்பங்களின் உப்பைக் கழுவுகிறது. பிறகு முளைகட்டிய விதையை அவற்றின் மேல் இடுகிறார்கள். ஒரு மாதம் வளர்ந்ததும் கும்பத்தை மண்ணும் நாற்றுமாக வெட்டி வயலெங்கும் பரப்புகிறார்கள். உரமில்லை, பூச்சி மருந்தில்லை. ஆள் உயரத்துக்கு வளரும் இந்நெல் வெள்ளத்திலும் தலை நிமிர்ந்து நிற்கும். ஐப்பசியில் நீருக்குள் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் அப்படியே கிடந்து அழுகும். பின்னர்க் கடல்நீரை உள்ளே விட்டால் அத்தாளை உண்டு இறால் வளரும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். ஆறு மாதம் நெல். ஆறு மாதம் இறால்.

நீரை உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் ஒரு மரக்கதவின் வேலை. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'தூம்பு'. நம் நாட்டு ஏரிகளின் கல்வெட்டுகளில் நீர் போகும் வாய்க்குப் பெயர் தூம்புதான். வயலின் கரையை 'வரம்பு' என்கிறார்கள். அணைக்கரையைச் 'சிற' என்கிறார்கள். நம் வரப்பும் சிறையும் அவையே. நெற்காலத்தில் ஓதம் வடியும்போது தூம்பைத் திறப்பார்கள், ஏறும்போது அடைப்பார்கள். இறாற்காலத்தில் இரவு ஓதம் ஏறும் வேளையில் தூம்பின் மேல் விளக்கு வைப்பார்கள். ஒளி நாடி இறாற்குஞ்சு உள்ளே வரும். நிலவின் வளர்வு தேய்வைக் கணக்கிட்டு இவ்வளவும் நடக்கிறது. இரயில் அட்டவணை நம் கையில் இருப்பதுபோல ஓத அட்டவணை அவர்கள் நெஞ்சில் இருக்கிறது.

வயலோரத்தில் முதிய அம்மையார் ஒருவர் நாற்றுப் பரப்பிக்கொண்டிருந்தார். எங்களுடன் வந்த மாணவன், "அம்மே, இவ்வளவு மழையில் வேலை செய்கிறீர்களே, பயமில்லையா?" என்று கேட்டான். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "மழை வந்தால் உப்புப் போகும், மோனே. மழை வராமல் போனால்தான் பயம்" என்றார். மழை தவறினால் உப்பு ஏறி நாற்றுக் கருகிவிடும். நாம் மழையைக் கண்டு சன்னலை அடைக்கிறோம். அந்த அம்மையார் மழைக்காக வாசலில் நிற்கிறார். ஒரே மழைதான். அவ்வாறு உழைப்பவர்களின் தொகை இன்று குறைந்து வருகிறது. முன்பு விளைந்த பொக்காளி நிலங்களில் சிறு பகுதியிலேயே இப்போது நெல் இருக்கிறது. எஞ்சியவற்றில் ஆண்டு முழுதும் இறால், அல்லது கட்டடம், அல்லது தரிசு. வைற்றிலாவில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் இந்நெல்லுக்குப் புதிய வகைகள் கண்டு தந்திருக்கிறது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் சேற்றில் இறங்கும் கைகள் வேண்டுமே!

இரவு எடவனக்காட்டில், எங்களுடன் பணிபுரியும் தீவுக்காரர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அவருடைய தாயார் கர்க்கடகக் கஞ்சியும், கப்பையும் மீன்கறியும் அளித்தார்கள். புலால் உண்ணாத இருவர்க்குத் தேங்காய்ச் சம்மந்தி. மழையை அழகென்று மட்டும் பாடுவார்க்கு அந்த வீட்டைக் காட்ட வேண்டும். சுவரின் கீழ்ப்பாதியில் பூச்சு உப்பால் உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கட்டிலின் கால்கள் செங்கல் மேல் ஏறி நின்றன. கார்த்திகையில் ஓதம் பெருகும் நாள்களில் காயல்நீர் அறைக்குள் வருமாம். மேற்குக் கரையிலோ மழைக்காலத்தில் கடல் அடித்து மணல்மூட்டை வரிசையைத் தாண்டும். "பாலம் வந்தது, சாலை வந்தது, கடல் சுவர் மட்டும் முழுதாக வரவில்லை" என்று நண்பர் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, நாள்தோறும் வாழும் உண்மையைச் சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் செறாய் வழியாக நடந்தோம். 1917 மே 29ஆம் நாள் சகோதரன் ஐயப்பன் புலையர் மக்களோடு ஒன்றாக அமர்ந்து உணவு கொண்ட சமபந்தி நடந்த ஊர் அது. நாராயண குரு 1912இல் நிறுவிய கௌரீசுவரர் கோயிலும் அங்கே உள்ளது. பள்ளிப்புறத்தில் போர்ச்சுகீசியர் 1503இல் எழுப்பிய அறுகோணக் கோட்டை நனைந்து நின்றது. இந்தியாவில் ஐரோப்பியர் கட்டி இன்று எஞ்சியுள்ளவற்றுள் இதனையே மிகப் பழையது என்பர். டச்சுக்காரர் அதனை 1661இல் கைப்பற்றினர். 1789இல் திருவிதாங்கூருக்கு விற்றனர்.

நடை முடிந்த இடம் முனம்பம். பெரியாறு கடலில் கலக்கும் முகம். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 முடிய விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன் இனம் பெருகுதற்காக 1988இல் தொடங்கிய ஏற்பாடு அது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் வலை பழுது பார்த்தவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "அண்ணாச்சி, நீங்களும் நம்ம ஊரா?" என்றார். குளச்சல் பக்கத்தவர். குமரி மாவட்டத்து மீனவர் பலர் இத்துறையிலிருந்தே கடலுக்குப் போகிறார்கள். 2018 ஆகஸ்டு 7ஆம் நாள், முனம்பத்திலிருந்து சென்ற படகின் மீது கப்பல் மோதியதில் நம் குமரி மக்கள் பலர் மாண்டார்கள். அதற்கு அடுத்த வாரமே பெருவெள்ளம் வந்தது. ஆலுவாவில் பெரியாற்றுப் பாலத்தில் நம் வண்டிகள் நின்றன. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரையில் மூடிக் கிடந்தது. அப்போது இக்கரையோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிச் சென்று, மாடிகளில் சிக்கிய ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். துக்கம் ஆறாத துறையிலிருந்தும் வள்ளங்கள் போயின. தண்ணீரை அறிந்தவர்களே தண்ணீரிலிருந்து பிறரைக் காத்தார்கள்.

தாய்மார்களே! உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நாம் வாழும் ஊரில் மழையையும் நீரையும் விட்டு ஒளிய இடமில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றிலும் கடலிலும் இளம்பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாளிதழில் படிக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டுக்குச் சொல்லாமல், அறிந்தவர் துணையின்றி, விளையாட்டாக இறங்கியவர்கள். அடைத்து வைத்த பிள்ளை ஒருநாள் தெரியாமல் போகும். அழைத்துச் சென்று காட்டிய பிள்ளை எங்கே நிற்க வேண்டுமென்று அறிந்திருக்கும்.

அதற்காக, ஆபத்தே இல்லையென்று சொல்ல வரவில்லை. கொங்கண் இருப்புப்பாதையில் மழைக்காலத்துக்கென்று தனி அட்டவணை உண்டு. மழை வந்ததென்று வண்டியை அடியோடு நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறார்கள், பாதையைக் காக்கக் கூடுதல் ஆள் போடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பெய்தால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, நிலைமை மீறினால் நிறுத்துகிறார்கள். நம் நடைக்கும் அத்தகைய விதிகள் வேண்டும். அவற்றைச் செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

முதலாவது, நீந்தத் தெரியாத பிள்ளை நடைக்கு வருமுன் நீச்சல் கற்க வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் இது பொது. இரண்டாவது, வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் மழைக்கு மஞ்சள். 12 முதல் 20 வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. மஞ்சளுக்கு மேற்பட்ட நாளில் நடை இல்லை. மூன்றாவது, கடலிலோ காயலிலோ வயல்நீரிலோ யாரும் இறங்கலாகாது. நான்காவது, காலில் புண் உள்ளவர் வரலாகாது. எலிக்காய்ச்சல் தேங்கிய நீர் வழியாகப் புண்ணுள் புகுவது. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே கொள்ள வேண்டும். ஐந்தாவது, அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும் அதில் மின்சாரம் உண்டென்றே கொண்டு விலக வேண்டும். ஆறாவது, பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர். அவர்களுள் ஒருவர் தீவுக்காரராக இருத்தல் நலம்.

இவ்விதிகளோடு வரும் ஆடியில் ஒரு நாள் நடையாகத் தொடங்கலாம். வைப்பினிலிருந்து ஞாறக்கல் பொக்காளி வயல்வரை போதும். எங்களுடன் வந்த மாணவனின் தாயார் புறப்படும் நாளில் எங்களோடு பேசவே இல்லை. திரும்பிய பின் மகன் சொன்ன தூம்பின் கதையை இருமுறை கேட்டார்களாம். இப்போது தம் இளைய மகளின் பெயரை முதற் பெயராகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.

பிழைக்க வந்த நாட்டுக்கு நாம் வரி செலுத்துகிறோம், உழைப்பைச் செலுத்துகிறோம். அந்நாட்டை அறிந்துகொள்வதும் நாம் செலுத்த வேண்டிய கடனே. சங்கத்தார் தீர்மானத்தை ஆதரிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.